லேப்ராஸ்கோபி போர்ட்டில் ஒரு மாதம் கழித்துச் சீழ்: ஓ.டி. ஃப்யூமிகேஷனைக் கூட்டினால் தீருமா?

செவிலிமலர் | திங்கள், இரவு 9.50

எல்லோருக்கும் வணக்கம். கொங்குப் பக்கம் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். நாற்பது படுக்கை, மேஜர் ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ஒன்றே ஒன்று. பொங்கலுக்கு அப்புறம் "இன்ஃபெக்ஷன் கண்ட்ரோலையும் நீயே பார்த்துக்கொள்" என்று ஒரு ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்துவிட்டார்கள். டிரெய்னிங் எதுவும் கிடையாது.

பிரச்சினை இதுதான். லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் போர்ட் என்கிற சின்னத் துளைகள் போட்டு, பித்தப்பை, அப்பெண்டிக்ஸ் எடுத்து நல்லபடியாக வீட்டுக்குப் போனவர்களில் சிலர், ஒரு மாதம் கழித்துத் தொப்புள் பக்கம் உருண்டையாக வீங்கியிருக்கிறது என்று திரும்பி வருகிறார்கள். தையல் பிரித்தபோது புண் சுத்தமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. வீக்கம் சிவந்து, உடைந்து, தண்ணீராகச் சீழ் கசிகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தால் கொஞ்சம் அடங்கி மூடிக்கொள்ளும். அப்புறம் பக்கத்திலேயே இன்னொரு வாய் திறக்கும். சீழைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினால் "48 மணி நேரத்தில் வளர்ச்சி இல்லை" என்றே வருகிறது.

பெரிய டாக்டர் ஓ.டி.யில்தான் கோளாறு என்று சொல்லி, சனிக்கிழமை மட்டும் போட்டுக்கொண்டிருந்த ஃபார்மலின் ஃப்யூமிகேஷனை (அறையை அடைத்துப் புகை போடுவதை) புதன்கிழமையும் போடச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை காலை உள்ளே போனால் எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இத்தனைக்கும் ஓ.டி. ஸ்வாப் (பஞ்சுக்குச்சியில் ஒற்றியெடுத்துப் பார்க்கிற) ரிப்போர்ட் மாதாமாதம் சுத்தமாகத்தான் வருகிறது. ஆஸ்பத்திரித் தரச் சான்று கொடுக்கிற என்.ஏ.பி.ஹெச். காரர்கள் வேறு வரப்போகிறார்கள். வாரம் இருமுறை போடுவது சரியா? அளவை ஏற்ற வேண்டுமா?

தியேட்டர்பாண்டி | திங்கள், இரவு 10.31

சிஸ்டர், ஃப்யூமிகேஷனை மட்டும் விட்டுவிடாதீர்கள். இப்போது படித்துவிட்டு வருகிறவர்கள் தேவையில்லை என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆபரேஷன் ஆன ஒருவருக்கு டெட்டனஸ் வந்தால் தியேட்டரையே இழுத்து மூடுவார்கள். ஃபார்மலினில் பெர்மாங்கனேட்டைக் கொட்டிவிட்டு ஓடி வந்து கதவுச் சந்தில் பிளாஸ்டர் ஒட்டுவோம். மறுநாள் அமோனியா வைத்துத் திறந்தால் கொசுகூட உயிரோடு இருக்காது. அந்தப் பயம் இருந்ததால்தான் தியேட்டர் தியேட்டராக இருந்தது.

சீழ் வருகிறதென்றால் கதவு சரியாக அடைபடவில்லை, அல்லது நேரம் போதவில்லை. சனி சாயங்காலம் போட்டால் திங்கள் காலை வரை திறக்கக் கூடாது.

அகார்தட்டு | திங்கள், இரவு 11.15

மலர் சிஸ்டர், ஃபார்மலின் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். நான் மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன்.

இதே ஓ.டி.யில் ஓப்பனாகச் செய்கிற ஹெர்னியா, சிசேரியன் கேஸ்களில் இப்படி யாருக்காவது வந்ததா? வயிற்றுக்குள் பார்க்கிற டெலஸ்கோப்பையும், துளை வழியாகச் செருகுகிற குழாயான ட்ரோகாரையும் இரண்டு கேஸ்களுக்கு நடுவே என்ன செய்கிறீர்கள்? சைடெக்ஸில் (குளூட்டரால்டிஹைடு கிருமிநாசினியில்) ஊறப் போடுகிறீர்கள் என்றால் எடுத்த பிறகு எந்தத் தண்ணீரில் அலசுகிறீர்கள்? அந்தச் சீழை ஏ.எஃப்.பி. ஸ்டெயினுக்கு (காசநோய்க் கிருமிக் குடும்பத்தைக் காட்டும் சாயச் சோதனைக்கு) யாராவது கேட்டிருக்கிறார்களா, வெறும் கிராம் ஸ்டெயினும் சாதாரண கல்ச்சரும்தானா?

ஞாபகத்திலிருந்து பதில் சொல்லாமல், ஓ.டி. ரிஜிஸ்டரை எடுத்து வைத்து ஒரு பட்டியல் போட்டுவிட்டு வாருங்கள். ஆபரேஷன் தேதி, என்ன ஆபரேஷன், அன்றைக்கு லிஸ்டில் எத்தனையாவது கேஸ், எந்த செட், வீக்கம் தெரிந்த தேதி. இவ்வளவு போதும்.

இரண்டாம்வருடம் | செவ்வாய், காலை 7.05

நான் பி.எஸ்ஸி. நர்சிங் மாணவி. ஒரு சந்தேகம் சார். ஓ.டி. ஸ்வாப் சுத்தமாக வந்தால் ஓ.டி. சுத்தம் என்றுதானே அர்த்தம்?

அகார்தட்டு | செவ்வாய், காலை 7.40

ஸ்வாப் குச்சி பட்ட அந்த அரை அங்குலத்தில், நாங்கள் தேடிய கிருமி, அந்த நேரத்தில் வளரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நம் ஊரில் ஸ்வாப் அனுப்புகிற வழக்கம் பாண்டி அண்ணன் சொன்ன டெட்டனஸ் பயத்தில் வந்தது. குச்சியை இறைச்சித் துணுக்குப் போட்ட திரவத்தில் வைத்து, காற்றில்லாமல் வளரும் கிளாஸ்ட்ரிடியம் வருகிறதா என்று பார்ப்போம். ஆபரேஷன் டேபிள், லைட், சுவர், ஏ.சி. என்று வரிசையாகக் குச்சி வரும். ட்ரோகாரின் ரப்பர் வால்வுக்குள்ளிருந்து ஒரு குச்சிகூட வந்ததில்லை.

காரணமில்லாமல் சும்மா ஸ்வாப் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 1999-லேயே சொல்லிவிட்டது. தொற்றுக்கூட்டம் வந்து, இன்னதிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு சந்தேகம் இருக்கும்போது எடுத்தால்தான் அதற்குப் பயன். அதே ஏட்டில் ஓ.டி. வாசலில் ஒட்டுப் பாய் போடுவதும் வேண்டாம் என்று இருக்கிறது. நம் ஆட்களுக்கு அந்தப் பாய் மேல் அப்படி ஒரு பிரியம்.

செவிலிமலர் | புதன், இரவு 11.20

பட்டியல் போட்டுவிட்டேன். ரிஜிஸ்டரோடு உட்கார்ந்ததில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

வந்தவர்கள் எல்லோரும் லேப்ராஸ்கோபி கேஸ்கள். அதே ஓ.டி.யில், அதே வாரங்களில் நடந்த சிசேரியன், ஹெர்னியா, ஹைட்ரோசீல் எதிலும் இப்படி ஒன்றும் இல்லை. ஆபரேஷனுக்கும் வீக்கத்துக்கும் நடுவே மூன்று வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை. லிஸ்டில் முதல் கேஸாக இருந்தவர் யாரும் இதில் இல்லை, எல்லோரும் இரண்டாவது, மூன்றாவது, நான்காவது.

எங்கள் நடைமுறை இதுதான். முதல் கேஸுக்குச் சாமான் எல்லாம் ஆட்டோகிளேவில் (அழுத்த ஆவியில் கிருமியைக் கொல்லும் மெஷினில்) இருந்து வரும். டெலஸ்கோப், கேமரா கேபிள் மட்டும் ஃபார்மலின் மாத்திரை போட்ட டப்பாவில் இருக்கும். முதல் கேஸ் முடிந்ததும் ஆயாம்மா குழாயடியில் சாமானை ஒரு அலசு அலசி சைடெக்ஸ் டிரேயில் போடுவார். இருபது நிமிடம் என்று சொல்வோம், அடுத்த பேஷன்ட்டை டேபிளில் ஏற்றிவிட்டால் அதற்கு முன்பே எடுப்பதும் உண்டு. எடுத்து, மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரத்தில் இருக்கும் தண்ணீரில் முக்கி எடுப்போம். காலையில் காய்ச்சி ஆற வைத்த குழாய்த் தண்ணீர் அது. நாள் முழுக்க அதே தண்ணீர்தான்.

சைடெக்ஸ் கேனில் ஆக்டிவேட் செய்த தேதி எழுதவில்லை. கேட்டால் "நுரை அடங்கினால் மாற்றுவோம்" என்றார்கள்.

அகார்தட்டு | வியாழன், காலை 6.30

சிஸ்டர், பதில் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. அதே சுவர், அதே காற்று, அதே ஏ.சி., அதே ஆட்கள். ஓப்பன் கேஸுக்கு வரவில்லை. லேப்ராஸ்கோபி கேஸிலும் முதல் ஆளுக்கு வரவில்லை. அப்படியானால் கிருமி காற்றில் வரவில்லை, டிரேயில் வருகிறது. நீங்கள் ஃபார்மலினைத் தினமும் போட்டாலும் அந்தப் பாத்திரத்துத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது.

நான் சந்தேகப்படுவது காசநோய்க் கிருமியின் சொந்தக்காரர்களை. மைக்கோபாக்டீரியம் கெலோனே, ஃபார்ச்சூட்டம், ஆப்செஸ்ஸஸ் என்று ஒரு கூட்டம். மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பவை. ஓவர்ஹெட் டேங்கின் உள்சுவர், குழாயின் உட்புறம், இங்கெல்லாம் வழவழப்பாக ஒரு படலம் பிடிக்குமே, அதில் குடித்தனம் நடத்தும். செல் சுவர் முழுக்க மெழுகு போன்ற மைக்காலிக் அமிலம். அதனால் குடிநீரில் போடுகிற குளோரினுக்கு ஈ.கோலை செத்தாலும் இவை சாகாது. குளூட்டரால்டிஹைடையே தாங்கி நிற்கிற ரகங்களும் உண்டு. பிரேசிலில் ரியோ டி ஜெனிரோவில் 2006, 2007 ஆண்டுகளில் அறுபதுக்கு மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் லேப்ராஸ்கோபி போன்ற ஆபரேஷன்களுக்குப் பிறகு நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே கதை. அங்கே பிடிபட்ட மாஸிலியென்ஸ் என்ற ரகம் 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் சாகவில்லை. நம் நாட்டிலும் போர்ட் புண் தொற்றுக்கூட்டங்கள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. பல இடங்களில் விரல் நீண்டது அலசுகிற தண்ணீரை நோக்கித்தான்.

கல்ச்சர் ஏன் வளரவில்லை என்றால், இவை தட்டில் தெரிய மூன்றிலிருந்து ஏழு நாள் ஆகும். லேபில் 48 மணி நேரத்தில் தட்டைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம். ஆகவே நாளை சீழ் எடுத்தால் ஸ்வாப்பில் எடுக்காதீர்கள். வீக்கம் உடைவதற்கு முன் சிரிஞ்சில் உறிஞ்சுங்கள், அல்லது சர்ஜன் ஒரு துண்டு திசு எடுக்கட்டும். ஃபாரத்தில் "லேப்ராஸ்கோபிக்குப் பின் நாள்பட்ட போர்ட் புண், ஏ.எஃப்.பி. ஸ்டெயின், கல்ச்சரை நீட்டித்து வைக்கவும்" என்று எழுதுங்கள். அப்படி எழுதாவிட்டால் லேபில் இருக்கிறவருக்கு இது இன்னொரு சீழ், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. ஏ.எஃப்.பி. பாசிட்டிவ் என்று வந்தவுடன் டி.பி. மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். இவற்றுக்கு வழக்கமான டி.பி. மருந்து வேலை செய்யாது. காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடுகிற சிபிநாட் டெஸ்ட்டும் சேர்த்து அனுப்புங்கள். ஸ்டெயினில் தெரிந்து சிபிநாட்டில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால் இந்தக் கூட்டத்தைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எந்த ரகம் என்று பார்க்க ரெஃபரன்ஸ் லேபுக்குப் போக வேண்டும். சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. சிகிச்சை மாதக்கணக்கில் போகும், ஒரே மருந்தில் நிற்காது. சில நேரம் புண்ணை வெட்டியும் எடுக்க வேண்டிவரும். அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தியேட்டர்பாண்டி | வியாழன், மதியம் 1.15

லேப் சார் சொல்வது எல்லாம் சரி. தண்ணீர் காய்ச்சித்தானே வைக்கிறார்கள்? கொதிக்கிற தண்ணீரில் என்ன பிழைக்கும்? அப்புறம், ஃப்யூமிகேஷன் வேண்டாம் என்றால் ஓ.டி.யை எப்படிச் சுத்தம் செய்வது, சாம்பிராணி போட்டா?

அகார்தட்டு | வியாழன், மதியம் 2.00

அண்ணே, நியாயமான கேள்வி. நன்றாகக் கொதித்தால் இந்தக் கூட்டம் செத்துவிடும். ஸ்போர், அதாவது சில பாக்டீரியா எடுக்கிற கெட்டி ஓடு போட்ட உறங்கும் வடிவம், அதுதான் பிழைக்கும். ஆனால் கொதித்த பிறகு நடப்பதைப் பாருங்கள். குழாயில் கழுவின பாத்திரம், நாள் முழுக்கத் திறந்து மூடுகிற மூடி, குழாய்த் தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போகிற ட்ரோகார். மத்தியானத்துக்குள் அது மறுபடியும் குழாய்த் தண்ணீர்தான். ஆயாம்மா முதலில் அலசுவதும் குழாயடியில்தானே.

ஓ.டி.க்கு வருகிறேன். தூசியும் ரத்தக்கறையும் இருக்கிற இடத்தில் புகை அதன் மேல் படிந்துவிட்டுப் போகும், அடியில் இருப்பதைத் தொடாது. கழுவித் துடைத்த இடத்தில் புகைக்கு வேலையே இல்லை. ஒவ்வொரு கேஸுக்கும் நடுவே டேபிள், லைட் பிடி, மானிட்டர் பட்டன் என்று கைபடும் இடங்களைக் கிருமிநாசினியில் துடைப்பது, கடைசிக் கேஸ் முடிந்ததும் தரையோடு சேர்த்து முழுசாகக் கழுவுவது, காற்றை ஹெப்பா ஃபில்டர் வழியாக மணிக்கு இருபது தடவை மாற்றுவது, கதவைச் சாத்தி வைப்பது. வேலை இதில்தான் இருக்கிறது. திங்கள் காலை சுத்தமான அறைக்குள் நாம் எட்டுப் பேர் நுழைந்தாலே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் தோல் செதில் உதிர்க்கிறோம். சனிக்கிழமைப் புகை அதற்கு என்ன செய்யும்?

இன்னொன்று. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ல் முதல் பிரிவில் வைத்துவிட்டது. அந்தப் புகையில் அதிகம் நின்றவர்கள் உங்களைப் போன்ற டெக்னீஷியன்கள்தான்.

தியேட்டர்பாண்டி | வியாழன், மதியம் 2.25

கடைசி வரி மனதில் தைக்கிறது. ஆனாலும் எங்கள் பெரிய டாக்டர் ஒத்துக்கொள்ள மாட்டார் சார். மூக்கில் நெடி ஏறினால்தான் வேலை நடந்ததாக அவருக்குத் திருப்தி.

கத்திக்காரன் | வியாழன், இரவு 8.40

சர்ஜனாக ஒரு வார்த்தை. இங்கே எல்லோரும் சைடெக்ஸைத் திட்டுகிறீர்கள். அது ஏன் இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. சின்ன ஊரில் ஒரு டெலஸ்கோப், இரண்டு செட் சாமான், காலையிலிருந்து நான்கு கேஸ். ஆட்டோகிளேவ் ஒரு சுற்று ஓடி, ஆறி, கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மயக்க டாக்டர் அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போக வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இருபது நிமிட டிரே அங்கேதான் நுழைகிறது. மலரின் ஆஸ்பத்திரியில் யாரும் சோம்பேறி இல்லை, நேரக் கணக்கு அப்படி.

ஆனால் வயிற்றுக்குள் போகிற சாமானுக்கு இருபது நிமிடம் போதாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எர்ல் ஸ்பால்டிங் 1968-லேயே வகை பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். உடலின் கிருமியற்ற இடத்துக்குள் போவது முழு ஸ்டெரிலைசேஷன், சளிச்சவ்வைத் தொடுவது உயர்மட்டக் கிருமிநீக்கம், காயமில்லாத தோலைத் தொடுவது சாதாரணக் கிருமிநீக்கம். 2 சதவீதக் குளூட்டரால்டிஹைடில் ஸ்போரும் சாக வேண்டுமென்றால் பத்து மணி நேரம். இருபது நிமிடம் சளிச்சவ்வைத் தொடுகிற எண்டோஸ்கோப்புக்குச் சொன்ன கணக்கு. அதை நாம் லேப்ராஸ்கோப்புக்குக் கடன் வாங்கிக்கொண்டோம்.

நான் செய்த ஏற்பாடு: இன்னொரு செட் ட்ரோகாரும் கைச்சாமானும் வாங்கினேன். பெரிய செலவு டெலஸ்கோப்தான், அதில் ஆட்டோகிளேவ் செய்யலாம் என்று பொறித்த மாடலாக வாங்கினேன். ஒரே நாளில் லேப்ராஸ்கோபி கேஸ்களை அடுக்காமல் நடுவில் ஓப்பன் கேஸைப் போட்டால் மெஷின் ஓட நேரம் கிடைக்கிறது. லிஸ்ட் எழுதுகிற கை கொஞ்சம் யோசித்தாலே பாதிச் சிக்கல் தீர்கிறது.

ஸ்டெரில்ரோஸி | வியாழன், இரவு 10.10

சி.எஸ்.எஸ்.டி.யில், அதாவது ஆஸ்பத்திரிச் சாமானை ஸ்டெரிலைஸ் செய்கிற பிரிவில், வேலை பார்க்கிறேன். டாக்டர் செட் வாங்கச் சொன்னது சரி, ஆனால் வாங்கின செட்டைக் கழட்டிக் கழுவாவிட்டால் அதுவும் வீண்தான். மலர், உங்கள் ட்ரோகாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ரப்பர் வாஷர், உள்ளே கதவு மாதிரி திறந்து மூடுகிற வால்வு, பக்கத்தில் வாயு போகிற சின்னக் குழாய். இந்த மூன்றையும் கழட்டாமல் எத்தனை நாள் ஊறப் போட்டாலும் மருந்து உள்ளே போகாது. கிராஸ்பர் என்கிற நீளமான இடுக்கியில் வெளி உறை, உள்கம்பி, பிடி என்று மூன்று துண்டு. உறையை வெள்ளைத் துணி மேல் தட்டினால் காய்ந்த ரத்தம் காப்பித்தூள் மாதிரி கொட்டும். எங்களிடம் வெளியிலிருந்து வருகிற சாமானில் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

கழுவுகிற முறை: கேஸ் முடிந்தவுடன், ரத்தம் காயும் முன் கழட்டி, என்ஸைம் கரைசலில் பாட்டிலில் போட்டிருக்கிற நேரத்துக்கு ஊற வைத்து, குழாய்க்குள் பிரஷ் விட்டு, தண்ணீர் பீய்ச்சி, காய வைக்க வேண்டும். காய வைப்பதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஈரத்தோடு சைடெக்ஸில் போட்டால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போய் மருந்து நீர்த்துக்கொண்டே வரும். தேதி பதினாலு நாள் என்று எழுதியிருந்தாலும் வீரியம் அதற்கு முன்பே போய்விடலாம். அதற்குத்தான் டெஸ்ட் ஸ்ட்ரிப். நுரையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள் என்று படித்ததும் தலையில் கை வைத்துவிட்டேன்.

ஃபார்மலின் மாத்திரை டப்பாவை மறந்துவிடுங்கள். எத்தனை மாத்திரை, எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரப்பதம், எத்தனை மணி நேரம் என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. கிருமி செத்ததா என்று சோதிக்க ஒரு வழியும் இல்லை. ஆவி தாங்காத கேபிளுக்கு ஈ.டி.ஓ. (எத்திலீன் ஆக்சைடு வாயு) அல்லது பிளாஸ்மா ஸ்டெரிலைசர் இருக்கிற இடத்துக்கு அனுப்பலாம், இல்லையென்றால் ஸ்டெரில் ஸ்லீவ் மாட்டிப் பயன்படுத்தலாம்.

அப்புறம் ஆட்டோகிளேவ். உங்களுடையது நிற்கிற மாடலா? அதில் ஆவி வரும்போது காற்றை முழுசாக வெளியே விட்டீர்களா என்பதில்தான் எல்லாமே. கேஜில் 15 பவுண்டு காட்டும், ஆனால் உள்ளே பாதிக் காற்று நின்றால் வெப்பம் 112 டிகிரிதான் இருக்கும். காற்று முழுக்கப் போனால்தான் 121. குக்கரில் ஆவி நேராகப் பீறிட்ட பிறகு வெயிட் போடுகிற கணக்கு. பதினைந்து நிமிடம் என்பதும் வெப்பம் ஏறிய பிறகு எண்ண வேண்டியது, மூடி போட்ட நேரத்திலிருந்து இல்லை. துணி அடுக்குகிற டிரம்மின் பக்கத்துத் துவாரத்தைத் திறந்து வைத்தீர்களா, துணியை அமுக்கித் திணித்தீர்களா, அதையும் பாருங்கள்.

டேப்பில் கறுப்புக் கோடு வந்துவிட்டது என்று காட்டுவார்கள். டேப் சூடு பட்டது என்று மட்டும்தான் சொல்லும். பாக்கெட்டுக்குள் கெமிக்கல் இண்டிகேட்டர் வையுங்கள். வாரம் ஒருமுறையாவது ஸ்போர் குப்பி வைத்து ஓட்டுங்கள். ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் என்ற கிருமியின் ஸ்போர் அதில் இருக்கும். ஆவிக்கு அதைவிடப் பிடிவாதக்காரன் கிடைப்பது அரிது, அவனே செத்தால் மற்றவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இரண்டாம்வருடம் | வெள்ளி, காலை 6.55

ரோஸி அக்கா, அகார் சார், எனக்குக் குழப்பமாக இருக்கிறது. ஸ்போர் கஷ்டம், டி.பி. குடும்பம் கஷ்டம் என்கிறீர்கள். வார்டில் ஹெச்.ஐ.வி. பேஷன்ட் என்றால்தான் எல்லோரும் சாமானை இரண்டு மடங்கு நேரம் ஊறப் போடுகிறார்கள். அப்போ எது பலமான கிருமி?

அகார்தட்டு | வெள்ளி, காலை 7.30

நல்ல கேள்வி. நோய் எவ்வளவு பயங்கரம் என்பதும் கிருமி எவ்வளவு கெட்டி என்பதும் வேறு வேறு. ஹெச்.ஐ.வி.க்கு மேலே கொழுப்பு உறை. சோப்பும் ஆல்கஹாலும் அந்த உறையைக் கரைத்துவிடும், அதோடு கதை முடிந்தது. கொரோனாவும் அதே ரகம். அதற்கு மேல் படியில் சாதாரண பாக்டீரியாக்கள், பூஞ்சை. இன்னும் மேலே உறையில்லாத சின்ன வைரஸ்கள், போலியோ போல. அதற்கும் மேலே மைக்கோபாக்டீரியா. அதற்கும் மேலே ஸ்போர். உச்சியில் பிரியான், அது நம் பேச்சுக்கு வேண்டாம். ஹெபடைட்டிஸ் பி உறை உள்ள வைரஸ்தான், ஆனால் காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள் வரை தாக்குப் பிடிக்கும், அதை லேசாக நினைக்காதே.

ஆகவே பேஷன்ட்டின் ரிப்போர்ட்டைப் பார்த்து ஊறும் நேரத்தைக் கூட்டிக் குறைப்பதில் அர்த்தமே இல்லை. எல்லோருடைய சாமானும் ஒரே மாதிரிதான் போக வேண்டும். ரிப்போர்ட் நெகட்டிவ் என்பதற்காகப் பத்து நிமிடத்தில் எடுத்த டிரேயில்தான் கெலோனே உட்கார்ந்திருக்கும்.

அதோடு, கையில் தடவுகிற ஸ்பிரிட்டும் ஸ்போரைக் கொல்லாது. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் பேதி உள்ளவரைத் தொட்டால் சோப்பும் தண்ணீரும்தான். தேய்த்துக் கழுவிக் கீழே அனுப்ப வேண்டும்.

யாழ்த்தாதி | வெள்ளி, மாலை 5.20

வணக்கம் மலர். நான் யாழ்ப்பாணப் பக்கம் தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதியாக இருக்கிறேன். இங்கே அரச ஆஸ்பத்திரிகளில் நுண்ணுயிரியல் வைத்திய நிபுணரின் கீழ்தான் எங்கள் பிரிவு இயங்கும், அதனால் இப்படியான சந்தேகம் வந்தால் நேரே போய்க் கேட்க ஆள் உண்டு. நீங்கள் தனியே நின்று பட்டியல் போட்டது பெரிய காரியம்.

ஒன்று சொல்லலாம் என்று நினைத்தேன். ஒரு பாத்திரத்தில் பிழை கண்டால் அந்தக் கண்ணோடு வார்ட் முழுக்க ஒருக்கால் நடந்து பாருங்கள். ஈரமாக இருக்கிறது எல்லாமே சந்தேகத்துக்கு உரியது. ஸ்பிரிட்டில் ஊற வைத்த பஞ்சு டப்பாவில் ஒவ்வொருவரும் கை விட்டு எடுக்கிறார்கள், அப்படி ஊற வைத்து வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சீட்டில் (Cheatle) ஃபோர்செப்ஸ் என்கிற பெரிய இடுக்கி நிற்கிற மருந்துக் குவளை, அதை உலர்ந்த ஸ்டெரில் குவளைக்கு மாற்றிவிடலாம். உடைத்து மேசையில் கிடக்கிற சேலைன் போத்தல், காற்றுப் போக என்று அதில் குத்தி விட்டிருக்கிற ஊசி. முடிய முடிய மேலே ஊற்றி நிரப்புகிற சோப்புப் போத்தல். எங்கள் ஆஸ்பத்திரியில் நான் முதலில் கை வைத்தது இவற்றில்தான். சண்டை கொஞ்சம் வந்தது, குறிப்பாக அந்த ஃபோர்செப்ஸ் குவளைக்கு. அது இல்லாவிட்டால் டிரெஸ்ஸிங் டிரொலி வெறுமையாகத் தெரிகிறதாம்.

கத்திக்காரன் | வெள்ளி, மாலை 6.05

யாழ்த்தாதி சொன்ன ஈரம் விஷயம் கண் ஆபரேஷனுக்கு இன்னும் பொருந்தும். கேட்டராக்ட் முகாமில் ஒரே நாளில் பல பேருக்குக் கண் போனது என்று செய்தி வரும்போதெல்லாம் டி.வி.யில் தியேட்டரைப் பூட்டுவதைத்தான் காட்டுவார்கள். தேடிப் பார்த்தால் பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற ஈரத்தில் வளரும் கிருமி இருக்கும், அது கண்ணுக்குள் விட்ட திரவத்திலோ மெஷினின் குழாயிலோ இருந்து வந்திருக்கும். எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும்: மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமம் இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கண் ஆபரேஷன்களின் கணக்கை 2019-ல் வெளியிட்டது. ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைச் செலுத்த ஆரம்பித்த பிறகு உள்கண் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02-க்கு இறங்கியது. அவ்வளவு கூட்டத்தில் அந்த எண்ணிக்கை. கணக்கு எழுதி வைத்ததால்தான் அதுவும் தெரிந்தது.

மட்டுறுத்துநர் | வெள்ளி, இரவு 7.00

புண் படங்கள் போட்டிருந்த ஒரு பதிவை எடுத்துவிட்டோம். பேஷன்ட் முகம், பெயர், ஐ.பி. எண், ஆஸ்பத்திரிப் பெயர் எதுவும் வேண்டாம். பேச்சு தொடரட்டும்.

செவிலிமலர் | அடுத்த வெள்ளி, இரவு 10.00

ஒரு வாரமாகப் பதில் போட முடியவில்லை, மன்னிக்கவும்.

புதிதாக வந்த ஒருவரிடம் உடையாத வீக்கத்திலிருந்து சர்ஜனே சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்தார். ஏ.எஃப்.பி. ஸ்டெயினில் கிருமி தெரிந்தது. சிபிநாட்டில் காசநோய்க் கிருமி இல்லை. கல்ச்சர் தட்டில் ஐந்தாம் நாள் வளர்ந்திருக்கிறது என்று லேபில் இருந்து போன் வந்தது, ரகம் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள்.

பெரிய டாக்டரிடம் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தேன். அகார் சார் சொன்ன மாதிரி "ஓப்பன் கேஸில் ஏன் வரவில்லை சார்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்புறம் சைடெக்ஸ் டிரேயை எடுக்கச் சொல்லிவிட்டார். இன்னொரு செட் வரும் வரை ஒரு நாளைக்கு இரண்டு லேப்ராஸ்கோபி கேஸ்தான், நடுவில் ஓப்பன் கேஸ். கேமரா கேபிளுக்கு ஸ்டெரில் ஸ்லீவ். டெலஸ்கோப்பில் ஆட்டோகிளேவ் குறி இருந்தது! இத்தனை நாள் யாரும் கவனிக்கவில்லை. ட்ரோகார் வால்வைக் கழட்டினோம் ரோஸி அக்கா. உள்ளே இருந்ததை இங்கே எழுத வேண்டாம்.

புதன்கிழமை ஃப்யூமிகேஷனை நிறுத்திவிட்டார். சனிக்கிழமை மட்டும் இருக்கட்டும் என்கிறார், மனசு கேட்கவில்லையாம். ஏற்கெனவே ஆபரேஷன் ஆகி வீட்டுக்குப் போனவர்களை என்ன செய்வது?

அகார்தட்டு | அடுத்த வெள்ளி, இரவு 10.35

சனிக்கிழமைக்கு இப்போது சண்டை போடாதீர்கள். முதலில் டிரே போனதே பெரிய விஷயம். மூன்று மாதம் புது கேஸ் வராமல் இருந்தால் அந்தப் பட்டியலை வைத்துச் சனிக்கிழமையையும் பேசலாம்.

வீட்டுக்குப் போனவர்களுக்கு: டிரேயை எடுத்த தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்த நாட்களில் லேப்ராஸ்கோபி செய்துகொண்ட எல்லோரையும் போனில் கூப்பிடுங்கள். இன்னும் சில மாதம் வரை புதிதாக வரலாம். அதைப் பார்த்து, செய்த மாற்றம் வீண் என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. ஆபரேஷன் தேதியைத்தான் பார்க்க வேண்டும், வீக்கம் வந்த தேதியை இல்லை. தொப்புள் பக்கம் உருண்டை, கசிவு இருந்தால் வெளியே எங்கும் கீறாமல் நேரே உங்களிடம் வரச் சொல்லுங்கள். சிகிச்சைச் செலவு யாருடையது என்று கேட்பார்கள். அதைப் பெரிய டாக்டர் முன்கூட்டியே முடிவு செய்து வைப்பது நல்லது.

தியேட்டர்பாண்டி | சனி, காலை 8.15

தங்கச்சி, நல்ல வேலை செய்தீர்கள். நேற்று எங்கள் தியேட்டரில் நானும் ஒரு ட்ரோகாரைக் கழட்டிப் பார்த்தேன். அதைப் பற்றித் தனியாக இழை ஆரம்பிக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஸ்டோரில் மூன்று கேன் ஃபார்மலின் கிடக்கிறது. தேதி முடிந்துவிட்டது. சிங்க்கில் ஊற்றிவிடலாமா?

ஸ்டெரில்ரோஸி | சனி, காலை 9.00

ஊற்றாதீர்கள் அண்ணா. 2016 மருத்துவக் கழிவு விதியில் வேண்டாத ஃபார்மலின் மஞ்சள் வகையில், ரசாயனத் திரவக் கழிவு என்று பெயர் சொல்லியே இருக்கிறது. தனியாகச் சேர்த்து, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு வழியாகத்தான் போக வேண்டும். உங்களிடம் பிளான்ட் இல்லையென்றால் கழிவு எடுக்க வருகிற வண்டிக்காரர்களிடம் எழுத்தில் கேளுங்கள். அதுவரை கேனில் பெரிதாக எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள், யாராவது எடுத்துச் சனிக்கிழமை போட்டுவிடப் போகிறார்கள்.